முதலில் கீமோ, பிறகு ஒப்பரேஷன்: ஏன் இந்த வரிசை?

மார்பில் கட்டி, பயொப்சியில் (கட்டியின் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையில்) புற்றுநோய் என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நினைப்புத்தான்: அதை உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் நோயாளிகள் சிலரிடம் டொக்டர் வேறு விதமாகச் சொல்வார்: “முதலில் கீமோ, அப்புறம் ஒப்பரேஷன்.” 138 பஸ்ஸில் திரும்பி வரும்போதே சொந்தக்காரரின் போன் வரத் தொடங்கிவிடும். நோய் முற்றிவிட்டதால்தான் வெட்டவில்லை என்பார் ஒருவர். சும்மா நாள் கடத்துகிறார்கள் என்பார் இன்னொருவர்.

கட்டி பெரிதாக இருந்தாலோ, கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தாலோ இந்த வரிசையைத் தெரிவு செய்வது வழக்கம், உண்மைதான். ஆனால் இரண்டு சென்டிமீற்றர் அளவுள்ள கட்டிக்கும், அதன் வகையைப் பார்த்து, இதே வரிசையைச் சொல்வார்கள். கைவிட்ட கேஸ் என்று இதற்கு அர்த்தமே இல்லை.

சத்திரசிகிச்சை மார்பிலும் கமக்கட்டிலும் உள்ளதை அகற்றும். கட்டியிலிருந்து ஏற்கெனவே நழுவி இரத்தத்தில் போன கலங்களை அது தொடாது. அவற்றைத் தேடிப் போவதுதான் கீமோவின் வேலை. அதை முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா? 1988இல் அமெரிக்காவில் 1,523 பெண்களை வைத்து இந்தக் கேள்வியை ஆராயத் தொடங்கினார்கள். ஒரே மருந்து; பாதிப்பேருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன், மற்றவர்களுக்குப் பின். உயிர் பிழைத்திருப்பதில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. முன்னால் எடுத்தவர்களில் ஏறக்குறைய 80 வீதமானோருக்குக் கட்டி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கியது. முழு மார்பையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்ற நிலை அவர்களில் கூடுதலானோருக்குக் கிடைத்தது.

என் கண்ணுக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறொன்று. கட்டியை எடுத்த பிறகு கீமோ கொடுத்தால், அது வேலை செய்கிறதா என்று பார்க்க உடம்பில் ஒன்றும் இல்லை. கட்டி இருக்கும்போது கொடுத்தால் டொக்டர் கையால் தொட்டே அளக்கலாம், ஸ்கேனில் பார்க்கலாம். கட்டி அசையாவிட்டால் மருந்தை மாற்றலாம், அல்லது நேரே சத்திரசிகிச்சைக்குப் போகலாம்.

சரி, மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது? பலருக்கும் நினைவிருப்பது அந்தச் சிவப்பு மருந்து, டொக்ஸோரூபிசின். ஏற்றி ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். அது இரத்தம் அல்ல, மருந்தின் நிறம். கலத்தின் டிஎன்ஏ இழைகளுக்கு நடுவே புகுந்து, அதைப் பிரதி எடுக்க விடாமல் தடுப்பது இதன் வேலை. பின்னர் வரும் பக்லிடாக்சல், கலம் இரண்டாகப் பிரியும் கடைசி நேரத்தில் அதை உறைய வைத்துவிடும். வேகமாகப் பெருகும் கலங்களுக்குத்தான் அடி அதிகம். தலைமயிரின் வேர்க் கலங்களும், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சையின் கலங்களும் அப்படிப் பெருகுபவை என்பதால் அவையும் சேர்ந்து அடி வாங்கும். மச்சை தேறி வரத்தான் ஒவ்வொரு தடவைக்கும் இடையில் இரண்டு அல்லது மூன்று கிழமை விடுகிறார்கள். மருந்து ஏற்றி ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள், கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கவே கூடாது. இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொடங்குமுன் இன்னொரு சின்ன வேலை உண்டு. மார்பை விறைக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை ஊசி வழியாகக் கட்டிக்குள் வைப்பார்கள். கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் எந்த இடத்தை வெட்டுவது என்று சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காட்டுவது அந்தக் கிளிப்தான்.

கரைந்த பிறகும் வெட்ட வேண்டுமா? கட்டாயம் வேண்டும். “கைக்குத் தட்டுப்படவில்லை, இனி எதற்கு?” என்று கிளினிக்குக்குப் போகாமல் விடுவது ஆபத்தான முடிவு. கையும் ஸ்கேனும் காணாத கலங்களை மைக்ராஸ்கோப் காணும். கடைசிக் கீமோ முடிந்து வழக்கமாக மூன்று முதல் ஆறு கிழமைக்குள் சத்திரசிகிச்சை நடக்கும். எடுத்த திசுவை மெல்லிய சீவல்களாக்கி நோயியல் நிபுணர் தேடுவார். மார்பிலும் கணுக்களிலும் புற்றுநோய் ஒன்றும் இல்லை என்றால் மிக நல்ல செய்தி, அதுவும் ஹெர்2 என்ற புரதம் அதிகமுள்ள வகையிலும், ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் (வளரச் சொல்லும் சைகைகளைக் கலம் பிடிக்கும் இடங்கள்) இல்லாத வகையிலும். மிச்சம் இருந்தால் அடுத்த மருந்தை அதுவே தீர்மானிக்கும். அப்படி மிச்சம் இருந்தவர்களுக்கு, ஹெர்2 வகையில் ட்ராஸ்டுசுமாப் எம்டான்சின் என்ற மருந்தும், ஏற்பிகள் இல்லாத வகையில் கபசிடபின் மாத்திரையும் நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஹோமோன் ஏற்பி உள்ள வகையின் கதை வேறு. அது கீமோவுக்கு முழுதாகக் கரைவது குறைவு. ரிப்போர்ட்டில் ‘மிச்சம் உண்டு’ என்று கண்டவுடன் மனமுடைந்து போக வேண்டாம். அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு, 5 முதல் 10 வருடம் எடுக்கும் ஹோமோன் மாத்திரை.

ஆகவே முதல் பயொப்சி ரிப்போர்ட்டைக் கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வைத்திருங்கள், ஒரு போட்டோப் பிரதியும் எடுத்து வையுங்கள். கட்டி முழுதாகக் கரைந்துபோனால் அது எந்த வகை என்று மறுபடி சோதித்துப் பார்க்க மார்பில் கட்டித் திசு இருக்காது.