ஒத்தியக்கம்: ஒரு சொல் விளக்கம்

அலைபேசியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு 'ஒத்திசை' என்ற சொல் பழகியிருக்கும். தொடர்பு எண்களும் படங்களும் இரண்டு இடங்களில் ஒன்றுபோல் இருக்கச் செய்வது அதன் வேலை. ஆங்கிலத்தில் இதற்கு 'சிங்க்', விரித்தால் 'சிங்க்ரனைசேஷன்'. அதே சொல் இயற்பியலில் வேறொரு நிகழ்வைக் குறிக்கிறது. மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகளின் சந்திகளைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம், அந்த நிகழ்வுக்கு என்ன பெயர் வைப்பது என்ற இடத்தில்தான் என் பேனா நின்றுவிடும்.

வேர் கிரேக்கம். 'சின்' என்றால் உடன். 'குரோனோஸ்' என்றால் காலம். 'ஒரே காலத்தில்' என்பதற்கு மேல் அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பெயரில் 'ஜி' குறிக்கும் 'ஜியோசிங்க்ரனஸ்' என்பதில் இருப்பதும் இந்தச் சொல்தான். புவியின் சுழற்சி நேரத்துக்குச் சமமான சுற்று நேரம் கொண்ட பாதையை அது குறிக்கிறது. அங்கே செயற்கைக்கோளைப் பார்த்துப் பூமி தன் வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை. உயரத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்தது நாம். வேர்ப்பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது.

இயற்பியலார் வியப்பது வேறொன்றை. 1665இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உடல்நலமில்லாமல் படுத்திருந்த டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். ஊசல்கள் எதிரெதிர்த் திசையில், ஆனால் பிசகாமல் ஒரே கதியில் ஆடின. வேண்டுமென்றே கலைத்துவிட்டாலும் அரைமணி நேரத்தில் மீண்டும் சேர்ந்துகொண்டன. சட்டத்தின் மிக நுண்ணிய அசைவு வழியாக ஒன்றின் ஆட்டம் மற்றதை எட்டியிருக்கிறது. ஹைகன்ஸ் இதற்கு வைத்த பெயர் 'சிம்பதி', அதாவது பரிவு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'ரெசொனன்ஸ்' என்பதற்குப் 'பரிவு' என்றே பெயர். தமிழ்நாட்டில் அது 'ஒத்ததிர்வு'. 'பரிவு' எவ்வளவு அழகான சொல்! ஆனாலும் ஹைகன்ஸ் கண்டது ரெசொனன்ஸ் அல்ல. பரிவில், வெளியிலிருந்து வரும் அதிர்வு நின்றால் ஆட்டமும் ஓய்ந்துவிடும். கடிகாரங்களுக்கோ தனித்தனி உயிர்த்துடிப்பு உண்டு. தனியே ஓடக்கூடியவை, பக்கத்தில் ஒன்று இருப்பதால் தம் கதியைச் சற்றே விட்டுக்கொடுக்கின்றன.

இந்த விட்டுக்கொடுத்தல்தான் ஜோசப்சன் சந்திகளிலும் நடக்கிறது. இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிப்பில் மின்கடத்தாப் படலம் ஒன்றை வைத்தால் சந்தி தயார். எலக்ட்ரான் இணைகள் அந்தத் தடுப்பையும் ஊடுருவிச் செல்லும் என்று 1962இல் சொன்ன பிரையன் ஜோசப்சன் அப்போது கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவர். மாறாத மின்னழுத்தத்தைக் கொடுத்தால் சந்தியில் மின்னோட்டம் அலையத் தொடங்கும். ஒரு மைக்ரோவோல்ட்டுக்கு வினாடிக்குச் சுமார் 48 கோடியே 36 லட்சம் அலைவுகள்.

ஆனால் ஒற்றைச் சந்தி தரும் திறன் மிகச் சொற்பம். அதனால் பல சந்திகளைத் தொடராக இணைக்கிறார்கள். நூறு சந்திகள் ஆளுக்கொரு கட்டத்தில், அதாவது ஏற்ற இறக்கம் ஒன்றுசேராமல் அலைந்தால், ஒரே சுமையில் (திறனை வாங்கிக்கொள்ளும் மின்சுற்றுப் பகுதியில்) கிடைக்கும் திறன் ஒற்றைச் சந்தியைப் போல் சுமார் நூறு மடங்கு. ஒரே கட்டத்தில் அலைந்தால் பத்தாயிரம் மடங்கு! எந்த இரண்டு சந்திகளும் அச்சில் வார்த்தது போல் அமைவதில்லை என்பதுதான் சிக்கல். எல்லாவற்றுக்கும் பொதுவான சுமை வழியே ஒவ்வொன்றின் அலைவும் மற்றவற்றை எட்டுகிறது. அந்தப் பிணைப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் வேறுபாடுகளை மீறிச் சேர்ந்துகொள்கின்றன. ஜப்பானிய இயற்பியலாளர் யோஷிக்கி குராமோட்டோ 1975இல் பொதுவான அலையியற்றிகளுக்காக (தாமே அலையும் அமைப்புகளுக்காக) எழுதிய சமன்பாடு, வலுக்குறைந்த பிணைப்புள்ள இந்தச் சந்தித் தொடருக்கும் பொருந்துவதை 1996இல் வீசன்பெல்ட், கோலெட், ஸ்ட்ரோகாட்ஸ் மூவரும் காட்டினர்.

வெளியிலிருந்து நுண்ணலையைச் செலுத்தி, ஆயிரக்கணக்கான சந்திகளை அதன் கதிக்குக் கட்டிப்போடுவதும் உண்டு. வோல்ட் அளவைச் சரிபார்க்கும் கருவிகள் அப்படித்தான் இயங்குகின்றன. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்குழல் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்க, வாசிப்பவர் அதில் நிற்பார். ஒத்து யாருக்காகவும் வளையாது. அது ஒருவழி. தலைவன் இல்லாமல் தமக்குள் சேர்வது வேறு வகை, எனக்கு அதிக வியப்பைத் தருவதும் அதுவே.

இனி தமிழுக்கு வருவோம். 'ஒத்திசைவு' இனிய சொல்தான்; ஆனால் அலைபேசி ஒரு பொருளில் எடுத்துக்கொண்டது, ரெசொனன்சுக்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள். 'ஒருங்கிணைவு' மிகப் பொதுவானது, அலைவின் சாயலே அதில் இல்லை. 'நேர ஒருமை' கிரேக்க வேரின் நேர்ப்பெயர்ப்பு, விட்டுக்கொடுத்தலை விட்டுவிடுகிறது. என் தேர்வு 'ஒத்தியக்கம்'. 'ஒத்துப்போ' என்பதில் வரும் அதே 'ஒத்து' இதில் இருக்கிறது. இயக்கம் தத்தமக்கு உரியது, ஒத்தல் பிறரோடு. வினையாகவும் தயங்காமல் புரள்கிறது: சந்திகள் ஒத்தியங்கின, ஒத்தியங்காத சந்தி, ஒத்தியங்கும் எல்லை. வினையாக வளையாத கலைச்சொல் பட்டியலிலேயே தங்கிவிடும்.

சொற்களை இப்படிப் பிரித்துவைப்பது வீண் நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆய்வைக் காட்டுவேன். 2007இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் சார்ந்த குழு, பிஸ்மத் கலந்த காப்பர் ஆக்சைடு மீக்கடத்திப் படிகத்திலிருந்து 0.85 டெராஹெர்ட்ஸ் (வினாடிக்கு 85,000 கோடி அலைவுகள்) வரையிலான அலைகளைப் பெற்றது. திறன் அரை மைக்ரோவாட். அந்தப் படிகம் இயல்பிலேயே அடுக்கடுக்கான ஜோசப்சன் சந்திகளால் ஆனது. படிகத்தின் அகலத்துக்கு ஏற்ற நிலையலை, அதாவது நின்ற இடத்திலேயே அதிரும் ஒத்ததிர்வு அலை, உள்ளே எழுந்து, சந்திகள் அனைத்தையும் ஒரே கட்டத்துக்குக் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் 'ஒத்திசைவு' என்றே எழுதினால், 'ஒத்திசைவால் ஒத்திசைவு ஏற்பட்டது' என்றாகும். 'படிகத்தின் ஒத்ததிர்வு சந்திகளை ஒத்தியங்க வைத்தது' என்று எழுதினால், பதினோராம் வகுப்பு மாணவிக்கும் அங்கே என்ன நடந்தது என்று விளங்கும்.