‘கணக்கு வராது’ என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள்

குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பெற்றோர் கூட்டங்களில் நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: "எங்க குடும்பத்துலயே யாருக்கும் கணக்கு வராது சார், இவளுக்கு மட்டும் எப்படி வரும்?" மகள் பக்கத்திலேயே நிற்பாள். அம்மா பாசத்தில்தான் சொல்கிறார், மகளைத் திட்டாமல் விடுங்கள் என்பதற்காக. ஆனால் அந்தப் பெண் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறாள்.

இத்தனைக்கும் அந்த அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்றால் இந்த வாரம் சுற்றியதற்கு எவ்வளவு, முன்பணம் போக மீதி எவ்வளவு என்று காகிதம் இல்லாமல் சொல்வார். மகளும் சொல்வாள். அதே நேர்விகிதக் கணக்கைப் போர்டில் போடச் சொன்னால் அவள் கையில் சாக்பீஸ் நகராது.

பிரேசிலில் ரெசிஃபே நகரத்துச் சந்தைகளில் பொருள் விற்கும் சிறுவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 1985-இல் வெளியானது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஐந்து பிள்ளைகளிடம் மட்டும் செய்த ஆய்வு அது. வித்தியாசம் முழுவதும் பயத்தால் வந்தது என்றும் சொல்ல முடியாது, எழுத்துமுறை மாறுவதும் காரணம். ஆனாலும் போர்டில் வராததால் மண்டையில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பது தெளிவு.

பயம் செய்யும் வேலை வேறு. கணக்குப் போடும்போது மீதி வந்த எண்ணையும் அடுத்த ஸ்டெப்பையும் கொஞ்ச நேரம் மனசில் பிடித்து வைக்க வேண்டும். அதற்கான இடம் யாருக்குமே சிறியதுதான். "தப்பாயிடுமோ, சிரிப்பாங்களோ" என்ற நினைப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு மிச்சம் இருப்பது கொஞ்சமே. கணக்குப் பதற்றம் அதிகம் உள்ளவர்கள் மனசில் சுமை கூடக் கூட அதிகம் தவறு செய்வதை அமெரிக்க உளவியலாளர்கள் ஆஷ்கிராஃப்ட், கிர்க் இருவரும் 2001-இல் காட்டினார்கள். ஆகவே "வீட்ல போட்டா வருது, டெஸ்ட்ல மறந்துடுது" என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். அது சோம்பேறியின் சாக்கு இல்லை.

ஆறுதலும் கெடுக்கும். "எல்லாருக்கும் கணக்கு வந்துடாது, பரவாயில்ல" என்று ஆசிரியர் தேற்றும்போது, தன்னிடம் அவர் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்றே மாணவர் புரிந்துகொள்கிறார், ஆர்வமும் குறைகிறது. 2012-இல் வந்த ஆய்வு ஒன்று இதைச் சொல்கிறது. எங்கள் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ என்று தனி பெஞ்சு போடும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்புத் தேர்வில் வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண், ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இவற்றை நன்றாகப் பழக்கினால் பிள்ளை தேர்ச்சிக்கான 35-ஐ நெருங்கிவிடும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகாமல் ஒரு பெண் பதினொன்றாம் வகுப்புக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆனால் "மத்ததெல்லாம் உனக்கு வேணாம்" என்று சொல்லாதீர்கள். கணக்குப் புத்தகத்தின் மற்றப் பாடங்களிலிருந்தும் வாரம் ஒரு கணக்கையாவது அவர்களோடு உட்கார்ந்து முழுசாகப் போடுங்கள்.

வகுப்பில் கேள்வி கேட்டதும் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். கொஞ்சம் காத்திருந்தால் வழக்கமாகத் தலை குனிகிற பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். விடை தப்பானால் "எந்த ஸ்டெப் வரைக்கும் சரி?" என்று வகுப்பையே தேடச் சொல்கிறேன். டெஸ்டுக்கு முன்னால் மனசில் ஓடுகிற பயத்தைப் பத்து நிமிடம் எழுதவைத்தால் பதறுகிற பிள்ளைகளின் மதிப்பெண் கூடுவதாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. காசு செலவில்லை, செய்து பாருங்கள்.

வீட்டில் உங்களுக்கே கணக்கு என்றால் படபடப்பு வருமானால், பக்கத்தில் உட்கார்ந்து அதட்டிச் சொல்லித்தர வேண்டாம். "நீ போட்டதை எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேட்டால் போதும்.

பயம் தணிந்த பிறகும் சில பிள்ளைகள் எது பெரிய எண் என்பதிலேயே குழம்புவார்கள். ஐந்தாம் ஆறாம் வகுப்பிலும் சின்னக் கூட்டலுக்கு விரலை விட மாட்டார்கள், சில்லறை எண்ணவும் மணி பார்க்கவும் திணறுவார்கள். அது எண்களைப் புரிந்துகொள்வதிலேயே உள்ள சிரமமான டிஸ்கால்குலியாவாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் கற்றல் குறைபாடாக ஏற்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கச் சான்றிதழ் வேண்டும் என்பதால் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.