கொத்தனாரின் தூக்குக்குண்டும் வானத்துக் கேமராவும்

ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயில் மலைமேல் நின்று ஊரைப் படம் எடுத்தால் மொட்டைமாடி மட்டும் தெரியாது; முகப்பு, பால்கனி, பக்கச் சுவரில் எழுதிய சிமென்ட் விளம்பரம் வரை தெரியும். ட்ரோனோ விமானமோ சாய்வாக எடுக்கும் நகரப் படங்களும் இப்படித்தான். நேர் கீழே பார்த்து எடுத்தால் இந்தச் சுவர்கள் கிடைக்காது. ஆனால் சாய்வான படத்தை வரைபடத்தின் மேல் அப்படியே விரிக்க முடியாது. அருகில் உள்ள வீடு பெரிது, தள்ளி உள்ளது சிறிது. ஒரு மாடிக்குப் பின்னால் ஒரு தெருவே மறைந்திருக்கும்.

கேமரா எங்கே இருந்தது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று தெரிந்தால் இரண்டையும் பொருத்திவிடலாம். இடத்துக்கு 3 எண், சாய்வுக்கும் திசைக்கும் 3 எண். இடத்தை ஜிபிஎஸ் ஓரளவு சொல்லிவிடும். தொல்லை சாய்வில்தான். 500 மீட்டர் உயரத்திலிருந்து 45 டிகிரி சாய்வில் எடுத்த படத்தில் ஒரு டிகிரி பிசகினால், தரையில் சுமார் 17 மீட்டர் தள்ளிப்போகும். நம் வீட்டுச் சுவர் அடுத்த தெருவில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சாய்வைக் காட்டிக்கொடுப்பது கொத்தனாரின் தூக்குக்குண்டு. தெரு எப்படி வளைந்தாலும் சுவர் மூலைகள் எல்லாம் குண்டு பிடித்து எழுப்பியவை, அதனால் செங்குத்து. கீழ்நோக்கிச் சாய்ந்த கேமராவில் அந்தக் கோடுகள் இணையாக விழாது. மலையில் எடுத்த படத்தை அச்சுப் போட்டு, தரையில் வைத்து, மூலைக்கோடுகளின் வழியே நூல் பிடித்துப் பார்த்தேன். கீழே போகப் போக இடப்பக்கக் கட்டடத்தின் கோடு மெல்ல வலது பக்கம் சாய்ந்தது, வலப்பக்கத்தது இடது பக்கம். தாளிலிருந்து இரண்டு முழம் கீழே, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நூல்கள் கூடின. கேமராவுக்கு நேர் கீழ்த் திசை அதுதான். படத்தின் நடுவிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்பதோடு லென்ஸின் குவியத் தொலைவையும் சேர்த்தால் சாய்வு வந்துவிடும். கணினி இதே வேலையை நூற்றுக்கணக்கான கோடுகளை வைத்துச் செய்கிறது. கைப்பிடிச் சுவர்களின் கிடைக்கோடுகளை வரைபடத்தில் உள்ள தெருக்களோடு ஒப்பிட்டுத் திசையையும் பிடித்துவிடும்.

அப்புறம் மூலைக்கு மூலை பொருத்த வேண்டும்: படத்தில் தெரியும் மாடி மூலையும், உயரத்தோடு அளந்து வைத்த வரைபடத்து மூலையும். இதில் தவறு நிறைய வரும், மொட்டைமாடிகள் ஒன்றுபோலவே இருப்பதால். இதற்காகவே 1981இல் கணினி ஆய்வாளர்கள் மார்ட்டின் ஃபிஷ்லரும் ராபர்ட் போல்ஸும் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது, பெயர் ரான்சாக். கண்ணை மூடி 3 ஜோடிகளை எடு, அவற்றை நம்பிக் கேமராவின் இடத்தைக் கணக்கிடு, மற்ற ஜோடிகளில் எத்தனை அதற்கு ஒத்துவருகின்றன என்று எண்ணு. மறுபடி எடு. அதிகம் ஒத்துவந்ததே விடை. பாதி ஜோடிகள் தவறாக இருந்தாலும், எட்டில் ஒரு முறை மூன்றும் சரியாக அமையும். 35 முறை எடுத்தால், ஒரு தடவையாவது அப்படி அமைய 99 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு.

சரி, இராயக்கோட்டைத் தக்காளித் தோட்டங்களுக்கு மேலே பறந்தால்? அங்கே சுவரும் இல்லை, மூலையும் இல்லை. வரப்போரம் சுண்ணாம்பால் பெரிய குறி போட்டு, அதன் இடத்தை ஜிபிஎஸ் கருவியால் அளந்து வைத்துவிட்டுத்தான் ட்ரோனை மேலே ஏற்ற வேண்டும்.