வலிக்காத இடம்

"தினமும் அதே 20 யூனிட் இன்சுலின்தான் போடுகிறேன். நேற்றுக் காலை சுகர் 110, இன்று 260. மருந்து டூப்ளிகேட்டா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

இருக்காது. மருந்து ஃப்ரீசர் பக்கம் உறைந்துபோனதா, பால்போல் கலங்கலான வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலந்தீர்களா, பேனா ஊசியை அழுத்தியபின் பத்து எண்ணி எடுத்தீர்களா என்று பாருங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு. மாறினால் அளவு இரண்டரை மடங்கு தப்பும்.

எல்லாம் சரியா? அப்படியென்றால் விரலில் சோப்பு தடவி, தொப்புளைச் சுற்றி நீவிப் பாருங்கள். ரப்பர் மாதிரி ஏதாவது தட்டுப்படுகிறதா?

சர்க்கரையை உள்ளே வாங்கிக் கொழுப்பாகச் சேர்த்து வை என்று கொழுப்புச் செல்களுக்குச் சொல்வதும் இன்சுலினின் வேலைதான். ஊசி இறங்குவதோ தோலுக்கடியில் உள்ள கொழுப்பில். ஒரே இடத்தில் தினமும் குத்தினால் அங்குள்ள செல்கள் சொன்ன பேச்சைக் கேட்டு, தின்று கொழுத்துக் கட்டியாகின்றன. கட்டியில் வலி குறைவு. அதனால் கை மறுபடி அங்கேயே போகிறது!

குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றி ஆறாறாகக் கட்டிப்பிடித்திருக்கும். அந்தக் கொத்து ரத்தக் குழாய்க்குள் எளிதில் நுழையாது. திசுநீரில் கரைந்து இரண்டிரண்டாகவோ ஒற்றையாகவோ பிரிந்த பிறகே உள்ளே போகும். இந்த அமைப்பைக் கண்டுபிடிக்க பிரிட்டிஷ் விஞ்ஞானி டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1930-களிலிருந்து 1969 வரை ஆனது. மூன்று வருடத்தில் 'பலன் என்ன?' என்று கேட்கும் ஆராய்ச்சி நிதிக் குழுக்களிடம் அவர் என்ன பாடுபட்டிருப்பாரோ!

கட்டிக்குள் இந்தப் பயணம் தாறுமாறாகிவிடுகிறது. ஒருநாள் மருந்து தேங்கும், ஒருநாள் சட்டென்று ஏறும். அதுதான் உங்கள் 110-ம் 260-ம்.

என் அம்மாவுக்குத் தொப்புளின் இருபுறமும் நெல்லிக்காய் அளவில் இரண்டு. "அங்கதான்டா வலிக்காது" என்றார். மாதாமாதம் போன ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக யாரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. நான் அவசரக்குடுக்கை, அன்றே இடத்தை மாற்றச் சொன்னேன். அதே அளவு மருந்து நல்ல இடத்தில் முழுசாக ஏற, பதினொன்றரை மணிக்கு சுகர் இறங்கிப்போய், வியர்த்துக்கொட்டி, கை நடுங்க உட்கார்ந்துவிட்டார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். ஆகவே முதலில் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள், அப்புறம் இடத்தை மாற்றுங்கள். சில வாரம் அடிக்கடி சுகர் பாருங்கள்.

இப்போது ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தள்ளி, புது ஊசியில் போடுகிறார். நெல்லிக்காய் சுண்டைக்காயாக எட்டு மாதம் ஆனது.