எண்டோஸ்பெர்ம்: கருவூண்

நெல், கோதுமை, மக்காச்சோளம் என எந்தத் தானியமானாலும், மணியின் எடையில் பெரும்பகுதி எண்டோஸ்பெர்ம்தான். கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே, 'ஸ்பெர்மா' என்றால் விதை. விதைக்குள் இருப்பது என்ற அளவில்தான் இந்தப் பெயர் பொருள் தருகிறது. அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லவில்லை. முட்டையின் வெள்ளைக்கருவைக் குறிக்கும் 'அல்புமென்' என்ற பெயரும் இதற்கு இருந்தது. அல்புமின் என்னும் புரதத்தோடு குழம்புவதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களின் 'வித்தகவிழையம்' (வித்து, அகம், இழையம்) கிரேக்கச் சொல்லின் நேர்பெயர்ப்பு. பழைய 'முளைசூழ்தசை' தானியங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. நெல்மணியில் முளைக்கரு ஓர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. எண்டோஸ்பெர்ம் அதைச் சுற்றிலும் சூழ்ந்திருக்கவில்லை. 'தசை' என்பதும் விலங்கை நினைவூட்டும். கரு + ஊண் = 'கருவூண்', அதாவது கருவுக்கான உணவு. மாவையும் புரதத்தையும் சேர்த்துவைத்து, முளைக்கும்போது கருவுக்கு ஊட்டுவதே இதன் வேலை என்பதால், நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். ஓர் எச்சரிக்கை: கருவூண் கருவின் பகுதி அன்று.

1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்த இரட்டைக் கருவுறுதலில் இதற்கான காரணம் இருக்கிறது. மகரந்தக்குழல் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது தாய்ச்சூலில் உள்ள இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து கருவூணாகிறது. எனவே கரு இருமடியம் (இரண்டு குரோமோசோம் தொகுதி), கருவூண் மும்மடியம் (மூன்று தொகுதி): தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. மணியின் மேல்தோலோ முழுக்கத் தாயுடையது. ஒரே மணியில் மூன்று வகை மரபமைப்பு!

இந்த 2:1 கணக்கை மக்காச்சோளத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். மஞ்சள் நிறம் தரும் அல்லீல் (மரபணுவின் ஒரு வடிவம்) மூன்று படி, அதாவது மூன்று நகல், இருந்தால் மணி அடர்மஞ்சள். இரண்டு, ஒன்று எனக் குறையக் குறைய நிறமும் வெளுத்து, ஒன்றுமில்லாதபோது வெள்ளையாகிறது. மஞ்சள் தாயையும் வெள்ளைத் தந்தையையும் கலந்தால் இரண்டு படி, மாற்றிக் கலந்தால் ஒரு படி. தந்தையின் மகரந்தம் அதே பருவத்து மணியிலேயே தன்னைக் காட்டிவிடும் இந்த விளைவுக்கு ஸீனியா என்று பெயர்.

இனிப்பு மக்காச்சோளத்தில் பலரும் இடறுவது இங்கேதான். 'சுருங்கல்-2' மரபணு பழுதானால் சர்க்கரை மாவாக மாறுவதன் தொடக்கப்படி தடைபட்டு, இனிப்பு மிகும். 'சர்க்கரை-1' வகையில் பழுது வேறொரு நொதியில். இரண்டையும் அருகருகே விதைத்து ஒரே நேரத்தில் பூக்கவிட்டால், ஒன்றின் குறையை மற்றதன் மகரந்தம் நிரப்பிவிடும். விதைத்தவை இரண்டும் இனிப்பு வகைகள்; கலந்து பிடித்த மணிகளோ மாவுச்சத்து நிறைந்தவை. பூக்கும் காலத்தில் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

பசையரிசியில் பழுது 'மெழுகு' மரபணுவில். மாவுச்சத்தின் இரண்டு கூறுகளில் அமைலோஸ் உருவாகாமல் அமைலோபெக்டின் மட்டுமே மிஞ்சும். சோதிக்க, 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சிறிது நீரில் கரைத்து, அதில் 0.2 கிராம் அயோடினைக் கரைத்தபின் 100 மில்லிக்கு நிரப்புங்கள். வரிசை மாறினால் அயோடின் சரியாகக் கரையாது. மணியைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் ஒரு துளி விடுங்கள். சாதாரண அரிசி கருநீலமாகும், பசையரிசி செம்பழுப்பாகும். கரைசலின் செறிவு அதிகமானால் இரண்டுமே கறுத்துப்போய், வேறுபாடு மறையும். மேலும் நீர் சேர்த்து நீர்க்கச் செய்து பாருங்கள்.

கருவூண் என்றால் வெள்ளை மாவு மட்டும் என்று எழுதுவோர் உண்டு, அது தவறு. தவிட்டோடு போகும் அலுரோன் அடுக்கும் கருவூணின் புறப்பகுதியே. கோதுமையில் அது ஒரு செல் அடுக்கு, பார்லியில் பெரும்பாலும் மூன்று. முளைக்கும்போது மாவைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பது இந்த உயிருள்ள அடுக்குதான். மாவு செல்கள் மணி முற்றும்போதே இறந்துவிடுகின்றன.