இந்தியாவுக்கு வைத்தியத்துக்குப் போகுமுன்: மருத்துவ விசாவின் விதிகள்

களுவாஞ்சிகுடியிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த ஊரில் கேட்டாலும், "வேலூருக்குப் போனால் செலவு குறைவு" என்று சொல்ல ஒருவர் இருப்பார். கொழும்பின் தனியார் வைத்தியசாலைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது பல வேளைகளில் உண்மைதான். ஆனால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கண்டியிலோ மகரகமவிலோ அரசாங்கம் இலவசமாகச் செய்வதைவிட மலிவான சிகிச்சை எந்த நாட்டிலும் இல்லை. ஆகவே முதல் கேள்வியைக் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்: இதை இங்கே செய்ய முடியுமா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? பதிலைக் கேட்ட பிறகும் போகத்தான் வேண்டும் என்பவர்களுக்கே மிகுதி.

இலங்கையர் இந்திய மருத்துவ விசாவுக்கு இணையவழியாக விண்ணப்பிக்கலாம். முதன்முறை இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து 60 நாள் செல்லுபடியாகும். அதற்குள் மூன்று தடவை போய்வரலாம். பயண நாளுக்கு 120 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது நான்கு நாளாவது முந்த வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அதில் இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பி வராது. இந்திய அரசின் தளத்தின் முகவரி 'கவ் டொட் இன்' (gov.in) என்று முடியும். அதே சாயலில் பணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம் என்பதால் முகவரியை இரண்டு முறை பாருங்கள். இந்த விசாவோடு குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மட்டுமே உள்ளே போகலாம். காங்கேசன்துறைக் கப்பலில் போக நினைப்பவர்கள் டிக்கெட் எடுக்குமுன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

விண்ணப்பத்தின் உயிர், இந்திய வைத்தியசாலை தன் கடிதத்தாளில் தரும் கடிதம். எங்கள் வீட்டில் சறுக்கியதும் இதில்தான். அக்காவின் இருதய வால்வுக்காகப் புறப்பட்டோம். அவருடைய கிளினிக் கொப்பியில் ஓரெழுத்தும் பெயரும். ஸ்கேன் அறிக்கையில் பெயரோடு அத்தானின் பெயர். கடவுச்சீட்டிலோ அப்பாவின் முழுப்பெயர். நாங்கள் கொப்பியைத்தான் படம் பிடித்து அனுப்பினோம். கொப்பியில் இருந்த பெயரிலேயே கடிதமும் வந்தது. அதைத் திருத்தி வாங்க ஒன்பது நாள் போயிற்று. அவசரப்பட்டு எடுத்திருந்த விமான டிக்கெட் வீணாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கிய முகவர் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. கடவுச்சீட்டின் படப் பக்கத்தை முதலில் அனுப்புங்கள், அறிக்கைகள் பிறகு போகட்டும்.

ஒரு நோயாளியோடு இரண்டு பேர் துணைக்குப் போகலாம். அவர்களுக்குத் தனி விசா உண்டு. நோயாளியின் விவரங்களை அந்த விண்ணப்பத்தில் எழுத வேண்டும், ஆகவே நோயாளியின் விண்ணப்பத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். 60 நாள் போதாது என்று வைத்தியர் சொன்னால், நாள் முடியுமுன் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையத்தளத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். கிடைப்பது அவர்கள் முடிவு.

சிறுநீரக மாற்றுக்குப் போகிறவர்களுக்குச் சட்டம் வேறு. இந்தியாவின் 1994 ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, வெளிநாட்டு நோயாளி என்றால், உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இந்தியக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டு நோயாளிக்குச் சிறுநீரகம் கொடுக்க, இருவரும் 'நெருங்கிய உறவினர்' ஆக இருக்க வேண்டும். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள்: அந்தப் பட்டியல் இவ்வளவுதான். சித்தப்பாவின் மகன் நமக்கு அண்ணன். சட்டத்துக்கு அவர் அந்நியர். அவர் திருச்சியில் குடியேறி இந்தியக் குடியுரிமை பெற்றிருந்தால், மனம் இருந்தாலும் கொடுக்க முடியாது. கொடுப்பவரின் உறவுமுறைக்கு நம் நாட்டுத் தூதரகத்தின் சான்றிதழும் கேட்பார்கள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஊரிலேயே எடுத்து வையுங்கள்.

பண உதவிக்கு ஜனாதிபதி நிதியத்தைப் பலர் கேட்கிறார்கள். 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிதியம் அது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். கொழும்புக்கு ரயில் ஏறத் தேவையில்லை. உங்கள் நோய்க்கும் போகும் இடத்துக்கும் உதவி உண்டா என்பதைச் சிகிச்சைக்கு முன்பே அங்கே கேளுங்கள். உதவி நிச்சயம் என்று எண்ணிக் காணியை ஈடு வைக்காதீர்கள்.

சிகிச்சைப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போவதைவிட வங்கி மூலம் வைத்தியசாலைக் கணக்குக்கு நேரே அனுப்புவது நல்லது. கையில் கொண்டுபோகும் வெளிநாட்டு நோட்டு 5,000 டொலருக்கு மேல் என்றால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். லொட்ஜில் இறங்கியதும் கடவுச்சீட்டையும் விசாவையும் பிரதி எடுத்துக்கொள்வார்கள்; வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அறிவிப்பது அவர்களுடைய கடமை, பயப்படத் தேவையில்லை. நான்கைந்து பிரதிகளை ஊரிலேயே எடுத்து எக்ஸ்ரே உறைக்குள் வைத்துவிடுங்கள்.