டைம்அவுட்டை ஏற்றுவதற்கு முன்னால்

"அண்ணா, டைம்அவுட்டைப் பத்துலேர்ந்து அறுபது செகண்டாக்கிட்டேன், பில்டு பச்சையாயிடுச்சு."

வெள்ளிக்கிழமை மாலை. கிண்டியிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தேன், வண்ணாரப்பேட்டை தாண்டியிருக்கும். டைம்அவுட் என்பது, நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்டுக்கு நாம் வைக்கும் கெடு. அதற்குள் முடியாவிட்டால் டெஸ்ட் தோற்றதாகக் கணக்கு. பத்து விநாடியில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு டெஸ்டுக்கு எங்கள் அணித் தம்பி கெடுவை ஏற்ற, எல்லாம் தேறிப் பச்சை விளக்கு வந்துவிட்டது. அவன் குரலில் அவ்வளவு நிம்மதி. நானும் "சரிப்பா, வீட்டுக்குக் கிளம்பு" என்று சொல்லிவிட்டேன். அந்தச் "சரி" என்னுடைய தப்பு, அவனுடையது இல்லை.

பத்து நாள் கழித்து, மாத முதல் தேதியில், ஆட்கள் கூட்டமாகப் பணம் கட்டும் நேரத்தில் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. தேடிப் பார்த்தால் அதே இடம். எங்கள் பைத்தான் நிரல் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் ஒன்றைக் கையில் பிடித்தபடியே வெளியில் இருக்கும் இன்னொரு சேவையைக் கூப்பிட்டது. அப்படிக் கூப்பிட உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு நாமாக டைம்அவுட் சொல்லாவிட்டால் அது பாட்டுக்குக் காத்திருக்கும். நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சேவை தாமதித்தபோதெல்லாம் கனெக்‌ஷன்கள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ள, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். டெஸ்ட் இதைத்தான் பத்து விநாடியில் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்குப் பொறுமை கற்றுக்கொடுத்துவிட்டோம்.

எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் இதற்கு விளக்கமே தேவையில்லை. துறைமுகத்து ஜீரோ கேட்டில் ஏதோ காகிதம் சரியில்லை என்று ஒரு கன்டெய்னர் லாரி நின்றுவிட்டால், வால் எண்ணூர் விரைவுச் சாலையில் எங்கேயோ வந்து முடியும். வரிசையின் கடைசி டிரைவரிடம் போய் "இன்னும் கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று சொல்வதுதான் டைம்அவுட்டை ஏற்றுவது. பார்க்க வேண்டியது கேட்டில் நிற்கும் லாரியை.

ஞாயிற்றுக்கிழமைகளில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஏரியாப் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் மொட்டை மாடிக்கு வருவார்கள். "எத்தனை செகண்ட் வைக்கணும்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. டெஸ்டுகளை ஓட்டும் கருவிகளில் (ரன்னர்) ஜெஸ்ட் தானாக 5 விநாடி வைத்திருக்கிறது, மோக்கா 2, பிளேரைட் 30. கோ மொழியில் ஒரு பேக்கேஜின் டெஸ்டுகள் மொத்தத்துக்கும் 10 நிமிடம். பைத்தானுக்கான பைடெஸ்டில் எதுவுமே கிடையாது, தனியாக ஒரு பிளகின் (கூடுதல் இணைப்பு) போட வேண்டும். இந்த எண்கள் எதுவும் உங்கள் நிரலைப் பார்த்து வைத்ததில்லை. நான் கடந்த சில வார ஓட்டங்களில் அந்த டெஸ்ட் எடுத்த அதிகபட்ச நேரத்தைப் பார்த்து, அதைப் போல மூன்று மடங்கு வைப்பேன். சொந்த லேப்டாப்பில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு எண் வைப்பது மட்டும் வேண்டாம். டெஸ்டுகள் ஓடும் பில்டு மெஷின் மெதுவானது என்றால் மொத்தத்துக்கும் ஒரே பெருக்கல் எண் வையுங்கள், ஒவ்வொரு டெஸ்டாகத் திருத்தாதீர்கள்.

எண்ணை விட எனக்கு முக்கியமாகப் படுவது, நேரம் முடிந்த அந்த நொடியில் ரன்னர் என்ன செய்கிறது என்பது. பெரும்பாலான இடங்களில் "டைம்அவுட்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கொன்றுவிடுகிறது. எந்த வரியில் நின்றது, எதற்காகக் காத்திருந்தது, எல்லாம் அதோடு போச்சு. கொல்வதற்கு முன் மரண வாக்குமூலம் வாங்க வேண்டாமா? பைடெஸ்டில் ஃபால்ட்ஹேண்ட்லர் டைம்அவுட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. குறித்த நேரம் தாண்டினால் எல்லா த்ரெட்களும் (நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் இழைகள்) நிற்கும் இடத்தை அச்சிடும், ஆனால் டெஸ்டைத் தொடாது. இப்போது எங்களிடம் 8 விநாடியில் வாக்குமூலம், 10 விநாடியில் தூக்கு. ஜாவாவில் இதே வேலைக்கு ஜேஸ்டாக் என்ற கருவி. கோ மொழி கேட்காமலே தன் இழைகளான எல்லா கோரூட்டீன்களின் நிலையையும் கொட்டிவிட்டுத்தான் சாகும், அதற்காகவே அதை எனக்குப் பிடிக்கும்.

கொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. பைடெஸ்ட் டைம்அவுட் பிளகினுக்கு இரண்டு வழி உண்டு. சிக்னல் வழியில் அந்த ஒரு டெஸ்ட் மட்டும் தோற்று, மற்றவை தொடரும். த்ரெட் வழியில் ஓடிக்கொண்டிருக்கும் மொத்த நிரலையும் (ப்ராசஸ்) சாய்த்துவிடும், சுத்தம் செய்யும் வேலைகளும் நடக்காது, அறிக்கைக் கோப்பும் கிடைக்காது. பாதி டெஸ்டுகள் எங்கே போயின என்று ஒரு நாள் முழுக்க நாங்கள் தேடியது இதனால்தான்.

அப்புறம் பிள்ளைகள், அதாவது ஒரு ப்ராசஸ் கிளப்பிவிடும் மற்ற ப்ராசஸ்கள். டெஸ்ட் ரன்னர், பிரவுசரை ஓட்டும் க்ரோம் டிரைவரைக் கிளப்பும், டிரைவர் க்ரோமைக் கிளப்பும், க்ரோம் இன்னும் பத்தைக் கிளப்பும். ரன்னரை மட்டும் கொன்றால் மீதிக் குடும்பம் நினைவகத்தைத் தின்றபடி அப்படியே கிடக்கும். மறுநாள் காலையில் சம்பந்தமே இல்லாத டெஸ்டுகள் டைம்அவுட் ஆகும், உடனே யாராவது எண்ணை ஏற்றுவார்கள். அதனால் ரன்னரைத் தனி ப்ராசஸ் குழுவாகத் தொடங்கி, குழுவுக்கே முதலில் "முடித்துக்கொள்" என்னும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்புங்கள், சில விநாடி கொடுங்கள், அப்படியும் அடங்காதவற்றுக்கு, உடனே கொல்லும் சிக்கில். லினக்ஸின் டைம்அவுட் கட்டளையே இதைச் செய்யும். நேரம் முடிந்ததால் நிறுத்தினால் 124 என்ற எண்ணோடு வெளியேறும். இறுதியில் சிக்கில் வரை போயிருந்தால் 137. இந்த எண்களைப் பார்த்து அறிக்கையில் "நேரம் முடிந்தது" என்று தனியாகக் குறியுங்கள். தவறான விடை தந்த டெஸ்டும் விடையே சொல்லாத டெஸ்டும் ஒன்றல்ல.

உள்ளே இருக்கும் கெடு வெளியே இருப்பதை விடச் சின்னதாக இருக்கட்டும். எங்களுடையது: வெளிச்சேவை அழைப்புக்கு 3 விநாடி, டெஸ்டுக்கு 10, எல்லா டெஸ்டுகளும் சேர்ந்த மொத்த ஜாபுக்கு 20 நிமிடம். டெஸ்டுகளைத் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஒரு ஜாபைத் தானாக நிறுத்த 360 நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதை அப்படியே விட்டால் ஆறு மணி நேரக் காசு போகும். பிரவுசரை ஓட்டிச் சோதிக்கும் செலினியத்தில் இம்ப்ளிசிட் வெய்ட்டையும் (எல்லாத் தேடலுக்கும் பொதுவான காத்திருப்பு) எக்ஸ்ப்ளிசிட் வெய்ட்டையும் (குறிப்பிட்ட ஒன்றுக்கான காத்திருப்பு) கலக்காதீர்கள். 10 விநாடியும் 15 விநாடியும் சேர்ந்து 20 விநாடி கழித்து விழக்கூடும் என்று அவர்கள் ஆவணமே எச்சரிக்கிறது.

இப்போது எங்கள் அணியில் டைம்அவுட்டை யார் ஏற்றக் கேட்டாலும், கமிட்டோடு (நிரல் மாற்றப் பதிவு) அந்த வாக்குமூலத்தையும் ஒட்ட வேண்டும். இதுவரை மூன்று வந்தன. இரண்டு, ஒன்று பிடித்து வைத்ததற்கு இன்னொன்று காத்துக் கிடக்கும் பூட்டுத் தகராறு, திருப்பி அனுப்பினோம். மூன்றாவது பிடிஎஃப் தயாரிக்கும் டெஸ்ட், முதல் தடவை எழுத்துருக்களை ஏற்றும்போது அதற்கு உண்மையிலேயே நேரம் பிடிக்கிறது. 25 விநாடி கொடுத்து, ஏன் என்று மேலே ஒரு வரி குறிப்பும் எழுதினோம். எழுதியது அதே தம்பிதான்.